மாடியிலும் மனையிலும் காய்கறித் தோட்டம்

திருவனந்தபுரம் சிறு குன்றுகளின் மீது பரந்து கிடக்கும் நகரம். முற்காலத்தில் இங்கு வீடு என்றால் அதைச் சுற்றி ஒரு மனையும் உண்டு. அம்மனையில் தென்னையும் பலாவும் உயர்ந்து நிற்கும். பலாவைத் தழுவி மிளகுக் கொடி படரும். மரநிழலில் சேம்பும் மஞ்சளும் முளைக்கும். கிணற்றடியில் வாழையும் கறிவேப்பிலையும் செழிக்கும். அன்றாடச் சமையலுக்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதி வீட்டின் பின்புறத்திலேயே கிடைத்து வந்தது. எஞ்சிய அரிசியையும் காய்கறியையும் அளித்தது திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றிருந்த நாஞ்சில் நாடு.

இந்நிலை இன்று மாறிவிட்டது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. பின்னர் நகரம் வளர, மனைகள் துண்டு துண்டாகப் பிரிந்தன. ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் காங்கிரீட் கட்டிடங்கள் எழுந்தன. சாலைக் கடைத்தெருவுக்கு வரும் காய்கறியில் பெரும் பங்கு இன்று ஒட்டன்சத்திரம் முதலிய தமிழ்நாட்டுச் சந்தைகளிலிருந்தும், கர்நாடகத்திலிருந்தும் லாரிகளில் வந்து சேர்கிறது.

தொலைவிலிருந்து வரும் காய்கறிக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, பறித்த பின் கழியும் நேரம். கீரையில் உள்ள வைட்டமின் 'சி' சத்து, பறித்த மணி முதலே குறையத் தொடங்குகிறது. இரண்டாவது, பூச்சி மருந்தின் எச்சம். திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணியில் உள்ள விவசாயக் கல்லூரியின் ஆய்வுக்கூடம் கடைகளில் விற்கும் காய்கறிகளை எடுத்து முறையாகச் சோதித்து, முடிவுகளைப் பொதுமக்களுக்கு அறிவித்து வந்துள்ளது. கறிவேப்பிலை, பச்சை மிளகாய், கொத்துமல்லி போன்றவற்றில் மருந்தின் எச்சம் பலமுறை காணப்பட்டதை அச்சோதனைகள் எடுத்துக் காட்டின. இச்செய்திகள் நகர மக்களின் மனத்தில் ஓர் எண்ணத்தைத் தோற்றுவித்தன: நிலம் இல்லையாயினும், வீட்டின் தலைமேல் ஒரு மொட்டை மாடி இருக்கிறதே!

கேரள அரசின் விவசாயத் துறை இவ்வெண்ணத்திற்கு ஊக்கமளித்தது. மண் நிரப்பிய 25 வளர்ப்புப் பைகளையும் நாற்றுகளையும் ஒரு தொகுதியாக உதவித் தொகையுடன் நகரவாசிகளுக்கு வழங்கும் முறை பரவியது. 'ஓணத்திற்கு ஒரு முறம் காய்கறி' என்னும் இயக்கத்தின் கீழ் வீடுகளுக்கு விதைகள் அளிக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டு கொள்ளை நோயின் காரணமாகப் போக்குவரத்து முடங்கியபோது, உணவு உற்பத்தியைப் பெருக்க 'சுபிக்ஷ கேரளம்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான மாடிகளில் பைகள் ஏறின. அவற்றுள் பல செழித்தன. பல ஓரிரு பருவங்களில் காய்ந்து, மண் நிரம்பிய வெறும் பைகளாக நின்றுவிட்டன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

நிலத்தில் நிற்கும் செடிக்கு ஒன்று குறைந்தால் அதன் வேர் தூரம் சென்று அதைத் தேடிக் கொள்ளும். மாடியில் நிற்கும் செடிக்கு அவ்வசதி இல்லை. அதற்கு மண், நீர், காற்று, உணவு ஆகிய யாவும் வளர்ப்பவர் அளித்த அளவே உண்டு. நிலம் தானாகவே செய்யும் வேலைகளை எல்லாம் மாடியில் மனிதன் அறிந்து செய்ய வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்தவர்களின் தோட்டமே நிலைத்தது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

முதலில் அளவை உணர்ந்து கொள்வது நலம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, ஒருவர் நாள்தோறும் சுமார் 300 கிராம் காய்கறி உண்ண வேண்டும். நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இது நாளொன்றுக்கு 1.2 கிலோ, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 438 கிலோ. ஒரு பையிலிருந்து ஆண்டில் 3 கிலோ விளைவதாகக் கொண்டால், 25 பைகள் 75 கிலோ தரும். அதாவது தேவையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

ஆகவே மாடித் தோட்டம் சந்தையை நீக்கிவிடும் என்று எண்ணுவது பொருந்தாது. ஆனால் அந்த ஆறில் ஒரு பங்கு எது என்பதை வளர்ப்பவரே தெரிந்தெடுக்க முடியும். வெங்காயமும் உருளைக் கிழங்கும் மலிவாகக் கிடைப்பவை. பல நாள் கெடாமல் இருப்பவை. அவற்றைப் பையில் வளர்ப்பதில் பயன் சிறிது. விரைவில் வாடும் கீரை, மருந்தின் எச்சம் மிகுதியாகக் காணப்படும் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பிஞ்சிலேயே பறித்து உண்ண வேண்டிய பயற்றங்காய், வெண்டைக்காய் ஆகியவையே மாடிக்கு ஏற்றவை. சிறிய இடத்திலிருந்து பெரிய நன்மையைப் பெறும் வழி இதுவே.

மாடி தாங்கும் பாரம்

தோட்டத்தைத் தொடங்குமுன் சிந்திக்க வேண்டியது செடியைப் பற்றி அன்று. கூரையைப் பற்றியே ஆகும். மனிதர் ஏறி நடமாடும் மட்டக் கூரைக்குச் சதுர மீட்டர் ஒன்றுக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ மேற்பாரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய விதி. மனிதர் ஏறாத கூரைக்கு இதில் பாதியே கொள்ளப்படுகிறது.

24 சென்டிமீட்டர் அகலமும் நீளமும், 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பையை எடுத்துக் கொள்வோம். முக்கால் பங்கு நிரப்பினால் அதில் சுமார் 17 லிட்டர் கலவை கொள்ளும். வெறும் மண்ணை நிரப்பி நீர் ஊற்றினால் பையின் எடை 30 கிலோவை எட்டும். மண்ணுடன் தென்னை நார்க்கழிவும் தொழுவுரமும் கலந்தால் ஏறத்தாழ 22 கிலோவில் நிற்கும். ஒரு சதுர மீட்டரில் நான்கு பைகள் வீதம் வைத்தால் கலவைப் பைகளின் பாரம் 88 கிலோ. இது வரம்புக்குள் அடங்கும். மண் மட்டுமே நிரப்பிய பைகளை ஆறு வீதம் நெருக்கி வைத்தால் பாரம் 180 கிலோவைத் தாண்டி, வரம்பு மீறுகிறது.

சிலர் செங்கல்லால் தொட்டி கட்டி மாடி முழுவதும் மண் கொட்டிப் பாத்தி அமைக்க விரும்புவர். 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஈரமண் சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் நிறுக்கும். சாதாரண வீட்டுக் கூரைக்கு இது மூன்று மடங்குக்கும் மேற்பட்ட பாரம். கட்டிடப் பொறியாளரைக் கலந்து கொள்ளாமல் இதனைச் செய்வது ஆபத்து. நீர் வழியும் குழாயை இலைச்சருகு அடைத்துக் கொள்வதும் இதைப் போன்றதே. பத்து சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் தேங்கினாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ கூடிவிடும். திருவனந்தபுரத்தின் மழைக்கு இது ஓரிரவின் வேலை.

பைகளைச் சுவர்களும் உத்திரங்களும் செல்லும் வரிசையின் மேல் வைப்பது சிறந்தது. கூரையின் நடுப்பகுதியைக் காலியாக விடலாம். ஒவ்வொரு பையையும் இரு செங்கற்களின் மேல் நிறுத்தினால் கீழே காற்று உலாவும். தளத்தில் ஈரம் தங்காது. வேனிலில் தளத்தின் சூடு வேரைத் தாக்காது. பையின் வெளிப்புறம் வெண்மையாக இருப்பது விரும்பத்தக்கது. கறுப்பு நிறம் வெயிலின் உஷ்ணத்தை ஈர்த்து, வேர்களை வாட்டும். ஓட்டு வீடுகளில் தோட்டம் நிலத்திலேயே இருக்கட்டும்.

பையினுள் ஒரு நிலம்

திருவனந்தபுரத்தின் குன்றுப் பகுதிகளில் காணப்படுவது செம்புரை மண். பல நூற்றாண்டுகளாகப் பெய்த கனமழை அதிலிருந்த சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டு போய்விட்டது. இரும்பும் அலுமினியமும் எஞ்சின. ஆகையால் இம்மண் அமிலத் தன்மை மிக்கது. அமில மண்ணில் மணிச்சத்து இரும்புடனும் அலுமினியத்துடனும் பிணைந்து கொள்வதால், உரம் இட்டாலும் அது செடிக்குக் கிட்டுவதில்லை. இதற்குரிய மாற்று சுண்ணாம்பே. பையை நிரப்புவதற்கு இரு வாரங்களுக்கு முன்பே மண்ணுடன் நீற்றுச் சுண்ணாம்பை நன்கு கலந்து, ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். சுண்ணாம்பும் உரமும் ஒரே நாளில் கலக்கப்பட்டால் உரத்திலுள்ள தழைச்சத்து அம்மோனியா வாயுவாக மாறி வீணாகும்.

மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்பது பொதுவான கலவை. அத்துடன் சிறிது வேப்பம் பிண்ணாக்கும் எலும்புத் தூளும் சேர்ப்பர். நார்க்கழிவு கேரளத்திற்கு அரிய பொருள் அன்று. அஞ்சுதெங்கு முதலிய கடற்கரை ஊர்களில் கயிறு திரிக்கும் தொழில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அத்தொழிலின் கழிவாகக் குவிந்து கிடந்த இத்தூள், தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைத் தாங்கிக் கொள்ளும் ஆற்றல் உடையது. எனினும் இதனைப் பயன்படுத்துவதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. உப்பு நீர்க் காயல்களில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தூளில் உப்பு தங்கியிருக்கும்; அதைப் பலமுறை நல்ல நீரில் அலசிப் பிழிய வேண்டும். மட்காத தூளில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து பறித்துக் கொள்வதால் செடி வெளிறிப் போகும். சிப்பிக் காளானின் வித்தைக் கொண்டு இத்தூளை மட்கச் செய்யும் முறையைக் கயிறு வாரியத்தின் ஆராய்ச்சிக் கூடம் பரப்பியுள்ளது. மட்கிக் கறுத்த தூளையே பைக்குப் பயன்படுத்துதல் நன்று.

பையின் அடியில் துளைகள் இருத்தல் அவசியம். நீர் வடிவதற்காக அடியில் கனமாக ஓட்டுச் சில்லும் கல்லும் பரப்புவது பலரின் வழக்கம். இதில் ஒரு தவறு மறைந்துள்ளது. நுண்ணிய துகள்களுக்கிடையே உள்ள நீரை, கீழே உள்ள பெரிய இடைவெளிகள் எளிதில் இழுத்துக் கொள்வதில்லை. ஆகவே கல்லுக்கு மேல் உள்ள மண்ணின் அடிப்பகுதி நீரால் நிறைந்து நிற்கும். வேருக்குப் பிராணவாயு கிட்டாது. கல் அடுக்கு உயர உயர இந்தச் சேற்றுப் பகுதி வேருக்கு அருகில் வருகிறதே அன்றி, குறைவதில்லை. துளையின் மேல் மண் ஒழுகாதபடி ஓர் ஓட்டுச் சில்லை வைத்தால் போதுமானது. கலவையை மேலிருந்து கீழ்வரை ஒரே தன்மையாக நிரப்ப வேண்டும்.

நீரும் வேரும்

17 லிட்டர் கலவையில் வேர் உறிஞ்சக்கூடிய நீர் சுமார் மூன்று அல்லது நான்கு லிட்டரே நிற்கும். நன்கு வளர்ந்த கத்தரிச் செடி, மார்ச்சு மாத வெயிலில் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீரை இலைகளின் வழியாக ஆவியாக்கிவிடும். ஆகையால் இரண்டு நாள் கவனியாமல் விட்டால் செடி வாடுவது உறுதி. 25 பைகளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று கொண்டால், நான்கு மாத வேனிலுக்கு ஏறத்தாழ 4,800 லிட்டர் தேவை.

இந்நீரை எங்கிருந்து பெறுவது? திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டருக்குச் சமம். 50 சதுர மீட்டர் மாடியின் மேல் ஓராண்டில் விழும் நீர் 90,000 லிட்டர்! இதில் இருபதில் ஒரு பங்கைத் தொட்டியில் சேர்த்து வைத்தாலும் மேற்கூறிய தேவை பெரும்பாலும் நிறைவேறும். சிறிது மிச்சமும் இருக்காது, குறையும் அதிகம் இராது.

நீரைச் சிக்கனமாகச் செலுத்துவதற்குக் கோழிக்கோட்டில் உள்ள நீர்வள மேம்பாட்டு மேலாண்மை மையம் 'திரி நனை' என்னும் முறையைப் பரப்பியது. விளக்கில் திரி எண்ணெயை மேலே ஏற்றுவதைப் போன்றதே இது. பையின் அடியில் நீர் உறிஞ்சும் ஒரு திரியின் மேற்பாதி கலவையினுள் புதைந்திருக்கும். கீழ்ப்பாதி நீர் நிறைந்த குழாயின் துளையில் தொங்கும். இழைகளுக்கிடையே உள்ள நுண்புழைகளின் வழியாக நீர் தானே மேலேறும். மண் உலர்ந்தால் அதிகமாகவும், ஈரமாக இருந்தால் குறைவாகவும் ஏறுவதால் நீர் வீணாவதில்லை. ஓரிரு நாள் வெளியூர் செல்பவருக்கும் கவலை இல்லை. இம்முறையில் நீர் கீழிருந்தே வருவதால் உரத்தின் உப்பு கலவையின் மேற்பரப்பில் படியும். மாதம் ஒருமுறை மேலிருந்து நீர் ஊற்றி அதனைக் கழுவிவிடுவது நலம்.

நீர் வைக்கும் இடத்தில் கொசுவையும் நினைவில் கொள்ள வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பையின் அடித்தட்டில் தேங்கும் தெளிந்த நீரிலேயே முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் துடைப்பதும், தொட்டிகளை வலையால் மூடுவதும் தோட்ட வேலையின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

வாடல் நோயும் அதற்குரிய விடையும்

கேரளத்தில் தக்காளி வளர்த்தவர் பலருக்கு ஓர் அனுபவம் உண்டு. நேற்று வரை செழிப்பாக நின்ற செடி, இன்று இலை மஞ்சளாகாமலேயே தலை சாய்ந்துவிடும். நீர் ஊற்றினாலும் எழாது. இது பாக்டீரியா வாடல் நோய். இந்நோய்க்குரிய பாக்டீரியாவை 1896ஆம் ஆண்டிலேயே அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித் விவரித்தார். இன்று அதன் பெயர் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம். வேரில் உள்ள சிறு காயத்தின் வழியாக அது நுழைந்து, நீர் செல்லும் குழல்களில் பெருகி, பசை போன்ற பொருளைச் சுரந்து அவற்றை அடைத்துவிடுகிறது. வெப்பமும் ஈரமும் அமிலத் தன்மையும் கூடிய கேரள மண் அதற்கு இசைவான இருப்பிடம்.

நோயை வீட்டிலேயே கண்டறியலாம். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, அத்துண்டைக் கண்ணாடிக் குவளையில் உள்ள தெளிந்த நீரில் தொங்கவிட வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெண்ணிழைகள் நீரில் இறங்கினால், அது பாக்டீரியா வாடலே ஆகும். பூஞ்சையாலோ நீர்க் குறைவாலோ ஏற்பட்ட வாட்டமாயின் நீர் தெளிவாகவே இருக்கும்.

இந்நோய் கண்ட செடியைக் காப்பாற்றும் மருந்து இல்லை. வரும்முன் காப்பதே வழி. இதற்குக் கேரள விவசாயப் பல்கலைக்கழகம் நோயைத் தாங்கும் இனங்களை அளித்துள்ளது. தக்காளியில் சக்தி, முக்தி, அனகா. கத்தரியில் சூர்யா, சுவேதா, ஹரிதா, நீலிமா. மிளகாயில் உஜ்வலா, அனுக்கிரஹா என்பவை அவற்றுள் சில. நோயைத் தாங்கும் சுண்டை அல்லது கத்தரியின் வேர்ச்செடியின் மீது தக்காளி நாற்றை ஒட்டி வளர்க்கும் முறையும் இன்று பழக்கத்தில் உள்ளது.

இவ்விடத்தில் மாடித் தோட்டம் நிலத்தை விடச் சிறந்து நிற்கிறது. நிலத்தில் நோய் புகுந்தால் அதை வெளியேற்றுவது அரிது. பையில் புகுந்தால் அந்த ஒரு பையுடன் நின்றுவிடும். நோயுற்ற செடியின் பையை உடனே விலக்கி, அதிலிருந்து வடியும் நீர் பிற பைகளைத் தொடாமல் காக்க வேண்டும். புதிய கலவைக்கான மண்ணை வேனிலில் ஈரமாக்கித் தரையில் மெல்லியதாகப் பரப்பி, தெளிந்த பாலிதீன் தாளால் இறுக மூடி 30 முதல் 45 நாட்கள் வெயிலில் விட்டால், உள்ளே உஷ்ணநிலை உயர்ந்து நோய்க்கிருமிகளும் நூற்புழுக்களும் பெரும்பாலும் மடியும். ஒரு பையில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் மாற்றி மாற்றி நடுவது பயிர் மாற்றம் ஆகாது. இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றிற்குப் பின் பயறோ கீரையோ வருவதே முறை.

பருவமும் பயிரும்

திருவனந்தபுரத்திற்கு இரு மழைப் பருவங்கள் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஓணத்திற்குக் காய் வேண்டுவோர் ஜூன் மாதத்திலேயே வெண்டையும் பயறும் விதைக்கின்றனர். கத்தரி, மிளகாய் நாற்றுகளை மே, ஜூன் மாதங்களில் நடலாம். தக்காளிக்குச் செப்டம்பர், அக்டோபர் ஏற்ற காலம். முட்டைக்கோசும் பூக்கோசும் மலைப் பயிர்கள் என்பது பழைய கருத்து. வெப்பத்தைத் தாங்கும் இனங்கள் கிடைத்தபின், அக்டோபர், நவம்பர் மாதங்களில் நட்டு, குளிர்ந்த இரவுகள் உள்ள டிசம்பர், ஜனவரியில் அவற்றை அறுவடை செய்கின்றனர்.

செங்கீரைக்கு வேனிலே உகந்தது. மழைக்காலத்தில் அதன் இலைகளில் வெண்புள்ளிகள் தோன்றிப் பரவும். இது ஒரு பூஞ்சை வியாதி. கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ 1 என்னும் பச்சைக் கீரை இவ்வியாதியைத் தாங்குவது. செங்கீரையையும் இப்பச்சைக் கீரையையும் கலந்து விதைத்தால் நோய் செடிக்குச் செடி தாவுவது தடைப்படும். நீரை இலைமேல் தெளிக்காமல் அடியில் ஊற்றுவதும் உதவும். நீர்த்துளிகளே இப்பூஞ்சையின் வாகனம். இடவசதி உள்ளோர் மழை மறைப்பு அமைக்கலாம். அது நான்கு பக்கமும் திறந்து, மேலே மட்டும் பாலிதீன் தாள் வேய்ந்த எளிய பந்தல். இலையை நனைய விடாமல் காப்பதொன்றே அதன் வேலை.

பூச்சியும் தேனீயும்

நஞ்சில்லாத காய் வேண்டும் என்றே தோட்டம் தொடங்கப்பட்டது. அங்கும் நஞ்சைத் தெளித்தால் முயற்சியின் நோக்கமே கெடும். நாள்தோறும் இலையின் அடிப்புறத்தைப் பார்ப்பதே முதல் மருந்து. 25 செடிகளைப் பார்வையிடக் கால் மணி நேரம் போதும். அசுவினி, வெள்ளை ஈ, சிலந்திப் பேன் முதலியவை தென்பட்டால் வேப்பெண்ணெய்ப் பூண்டுக் கரைசலைத் தெளிக்கலாம். ஒரு லிட்டர் நீருக்கு 20 மில்லிலிட்டர் வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டின் சாறு, ஐந்து கிராம் சோப்பு என்பது அளவு. சோப்பை முதலில் கரைத்து, அதில் எண்ணெயைச் சேர்த்து நன்றாக அடித்தால்தான் எண்ணெய் நீரில் கலக்கும். மாலை வேளையில், இலையின் இருபுறமும் படும்படி தெளிக்க வேண்டும்.

உயர்ந்த மாடிகளில் பூச்சிகள் குறைவு என்பது ஒரு நன்மையே. ஆயினும் தேனீயும் குறைந்துவிடும். பாகல், பூசணி, சுரை, புடலை ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே இருப்பதால், மகரந்தம் கொண்டு செல்ல ஒருவர் இல்லையேல் பிஞ்சு வெம்பி உதிரும். பாகலும் பூசணியும் காலையில் மலர்பவை. சுரையும் புடலையும் மாலைக்கு மேல் மலர்பவை. அந்தந்த வேளையில் ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் சூலக முடியில் தொட்டுவிட்டால் காய் பிடிக்கும். பெண் பூவின் கீழ் சிறு பிஞ்சு போன்ற வீக்கம் இருப்பதைக் கொண்டு அதனை அடையாளம் காணலாம். கொட்டாத கொசுத் தேனீயை மூங்கிற் குழாயிலோ மண் பானையிலோ வளர்ப்பது கேரள வீடுகளின் வழக்கம். அத்தகைய கூடு ஒன்று அருகில் இருப்பின் இவ்வேலை எளிதாகும்.

அடுக்களைக் கழிவும் தோட்டமும்

மாடித் தோட்டத்தால் விளையும் மற்றொரு நன்மையும் உண்டு. திருவனந்தபுரத்தின் குப்பை பல ஆண்டுகள் விளப்பில்சாலையில் இருந்த நிலையத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டது. சுற்றியிருந்த மக்களின் எதிர்ப்பினால் 2011ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நிலையம் மூடப்பட்டது. நகரம் தன் கழிவைத் தானே சமாளிக்க வேண்டிய நிலை வந்தது. வீட்டுக்கு வீடு கழிவை மட்கச் செய்யும் தொட்டிகளை மாநகராட்சி பரப்பியது. நுண்ணுயிர் கலந்த நார்க்கழிவை அடுக்களைக் கழிவின் மேல் தூவித் தூவி மூடினால், நாற்றமின்றி அது உரமாகிவிடும்.

ஆனால் உரம் உண்டான பின் அதை எங்கே இடுவது? மனையில்லாத வீட்டில் உரமும் மீண்டும் கழிவே ஆகும். இவ்வினாவிற்கு மாடியில் உள்ள பைகளே விடை. பயிர் ஒவ்வொன்றும் பையிலிருந்து சத்தை எடுத்துச் செல்கிறது. அடுக்களை அதனை உண்கிறது. தோலும் தண்டும் மீண்டும் உரமாகிப் பைக்குத் திரும்புகின்றன. பிற நாடுகளிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1991ஆம் ஆண்டு சோவியத் நாட்டின் உதவி நின்றபோது, உரமும் எரிபொருளும் இல்லாமல் தவித்த கியூபாவின் ஹவானா நகரம், காலி மனைகளில் மட்குரம் நிரப்பிய பாத்திகளை அமைத்துக் காய்கறி விளைவித்தது.

மனைத் தோட்டம்

வீட்டைச் சுற்றி இரண்டு சென்ட் நிலமேனும் இருப்பின் அதை வீணாக்கலாகாது. மாடியும் மனையும் தம்முள் வேலையைப் பகிர்ந்து கொள்ள வேண்டும். வெயிலை விரும்பும் மிளகாய், வெண்டை, பயறு மாடியில் இருக்கட்டும். ஆழமாக வேர்விடும் முருங்கையும் கறிவேப்பிலையும், பல்லாண்டு காய்க்கும் கோவையும் மனைக்கு உரியவை. தென்னையின் நிழலில் சேனை, சேம்பு, பெருவள்ளி, மஞ்சள் ஆகியவை நன்கு வளரும். இவற்றின் சிறந்த இனங்களை 1963ஆம் ஆண்டு முதல் நகரின் ஸ்ரீகாரியத்தில் இயங்கி வரும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அளித்து வருகிறது. வேலியாகத் தவசிக் கீரையை நட்டால், கிள்ளக் கிள்ளத் தழைத்து ஆண்டு முழுவதும் கீரை கிடைக்கும்.

தொடங்க விரும்புவோர் ஒரே நாளில் 25 பைகளை ஏற்ற வேண்டியதில்லை. ஐந்து பைகள் போதும்: இரண்டில் கீரை, ஒன்றில் மிளகாய், ஒன்றில் வெண்டை, ஒன்றில் பயறு. கீரை விதைத்த 25 அல்லது 30 நாட்களில் முதல் அறுவடை வந்துவிடும். ஒரு வேனிலும் ஒரு மழைக்காலமும் அவற்றைக் காத்தவருக்கு, எந்த மூலையில் வெயில் விழுகிறது, எந்தக் குழாய் அடைத்துக் கொள்கிறது, எந்தச் செடி எவ்வளவு நீர் குடிக்கிறது என்பவை தெரிந்துவிடும். அந்த அறிவோடு பைகளைப் பெருக்கிச் செல்பவரின் தோட்டம் நிலைக்கும். நகரத்தின் உணவு முழுவதையும் மாடிகள் தந்துவிட மாட்டா; எனினும், தன் குழந்தை உண்ணும் கீரையில் என்ன கலந்திருக்கிறது என்பதை ஐயமின்றி அறிந்திருக்கும் உரிமையை ஒவ்வொரு வீட்டிற்கும் அவை அளிக்க வல்லவை.